விலை ஒன்றுதான், கிடைப்பது ஒன்றல்ல

சிராங்கூன் சாலைக்கு நகை வாங்கப் போகும் எந்த அம்மாவும் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. கூலி எவ்வளவு, கல்லின் எடையைக் கழித்தாகிவிட்டதா, நாளைக்கு மாற்ற வந்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று குறைந்தது மூன்று கேள்விகள் கேட்பார். கொடுக்கும் பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதும் விலையில் சேர்ந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளான நாம், காணொளி விளையாட்டு வாங்கும்போது மட்டும் அந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடுகிறோம்.

ஒரே விளையாட்டு இன்று இரண்டு வடிவங்களில் விற்கப்படுகிறது. ஒன்று, வட்டாகவோ சிறிய அட்டையாகவோ பெட்டியில் போட்டுக் கையில் தரப்படுவது. மற்றொன்று, இணையக் கடையில் பணம் கட்டிப் பதிவிறக்கம் செய்துகொள்வது. பல சமயங்களில் இரண்டுக்கும் ஒரே விலை. விலை ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மின்னிலக்க வடிவத்தில் நமக்குக் கிடைக்கும் உரிமைகள் குறைவு. ஆகவே அதன் விலையும் குறைவாக இருக்க வேண்டும். என்னென்ன குறைகின்றன என்பதைப் பணம் கட்டும் இடத்திலேயே விற்பவர் சொல்லவும் வேண்டும்.

இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்குச் சிக்கல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. புதிய விளையாட்டு ஒன்றின் விலை 90 வெள்ளியை எட்டும் காலம் இது. பகுதிநேர வேலையில் கால் கடுக்க நின்று சம்பாதித்தது, தேசிய சேவையின்போது மாதப்படியில் மிச்சம் பிடித்தது, தீபாவளி அன்பளிப்பாகக் கிடைத்தது என்று இளையர்கள் சேர்த்து வைக்கும் பணம்தான் இதில் போகிறது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது கஞ்சத்தனம் ஆகாது.

ஏன் மலிவாக இல்லை?

பதிவிறக்கத்துக்கு வட்டு அச்சிட வேண்டியதில்லை. பெட்டி வேண்டாம், கப்பல் கூலி வேண்டாம், கடை வாடகை வேண்டாம். விற்காத சரக்கு தேங்கிவிடுமோ என்ற கவலையும் கிடையாது. அப்படியென்றால் விலை குறைய வேண்டுமே?

குறைக்க முடியும் என்பதைத் தயாரிப்பாளர்களே காட்டியிருக்கிறார்கள். நிண்டெண்டோ நிறுவனம் 2025 ஜூன் மாதம் ‘மரியோ கார்ட் வோர்ல்டு’ விளையாட்டை வெளியிட்டது. ஐரோப்பாவில் அதன் மின்னிலக்க வடிவத்தின் விலை 79.99 யூரோ, அட்டை வடிவத்தின் விலை 89.99 யூரோ. ஜப்பானில் முறையே 8,980 யென், 9,980 யென். ஆனால் அமெரிக்காவில் அது வெளிவந்தபோது இரண்டு வடிவங்களும் 79.99 டாலர்தான். அட்டை செய்யும் செலவு நாட்டுக்கு நாடு அவ்வளவு மாறிவிடாது. எந்தச் சந்தை எவ்வளவு தாங்கும் என்ற கணக்குதான் மாறுகிறது என்றே தோன்றுகிறது.

சிங்கப்பூரில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. இங்கே பல நேரங்களில் பெட்டியில் வரும் வட்டுதான் மலிவு. வெளியீட்டு நாளிலேயே சில வெள்ளி குறைவாகக் கிடைப்பதுண்டு. சில மாதங்கள் போனால் இடைவெளி இன்னும் கூடும். இணையக் கடையிலோ தள்ளுபடிக் காலம் வரும்வரை முதல்நாள் விலை அசையாமல் நிற்கும்.

இதற்கு முக்கியக் காரணம் போட்டி. சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் ஒரே வட்டைப் பல கடைகள் விற்கின்றன. ஒருவர் ஐந்து வெள்ளி குறைத்தால் பக்கத்துக் கடைக்காரரும் யோசிக்க வேண்டியிருக்கும். அதோடு, சிங்கப்பூர்ச் சட்டம் இணை இறக்குமதிக்கு இடம் தருகிறது. அதாவது, வேறு நாட்டில் முறையாக வெளியிடப்பட்ட அசல் பிரதியை, இங்குள்ள அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் வழியாக வராமலேயே ஒரு கடைக்காரர் தருவித்து விற்கலாம். வாங்குபவருக்கு இது பெரிய நன்மை.

விளையாட்டுக் கருவியின் திரைக்குள் இருக்கும் கடைக்கு அந்தப் போட்டி கிடையாது. பிளேஸ்டேஷன் வைத்திருப்பவருக்குச் சோனியின் கடை, ஸ்விட்ச் வைத்திருப்பவருக்கு நிண்டெண்டோவின் கடை. பேரம் பேசப் பக்கத்தில் வேறு கடை இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில், முழு விளையாட்டுக்கான பதிவிறக்கக் குறியீட்டைச் சாதாரணக் கடைகளும் விற்றன. சோனி 2019 ஏப்ரல் 1 முதல் அதையும் நிறுத்தியது. சோனியின் கடையில் மின்னிலக்க விளையாட்டுகளுக்கு மக்கள் அளவுக்கு மீறிக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று குற்றஞ்சாட்டி பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நுகர்வோர் சார்பில் வழக்குகள் தொடுக்கப்பட்டதற்கு இந்த ஒற்றைக் கடை ஏற்பாடுதான் அடிப்படை.

கணினியில் விளையாடுபவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே ஸ்டீம், எபிக், ஜிஓஜி என்று பல கடைகள் இருக்கின்றன. விலை அடிக்கடி இறங்குகிறது. அதுவும் மின்னிலக்கம்தான், இதுவும் மின்னிலக்கம்தான். ஒன்றில் போட்டி இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

வரியைக் காரணம் காட்டவும் முடியாது. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்குள்ளவர்களுக்கு விற்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கு 2020 ஜனவரி 1 முதல் பொருள், சேவை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் அந்த வரி 9 விழுக்காடு. கடையில் வாங்கும் புதிய வட்டுக்கும் அதே 9 விழுக்காடுதான்.

ஒரு வட்டு, மூன்று பேர்

இதுவரை சொன்னது வாங்கும் விலை. விளையாடி முடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் உண்மையான வித்தியாசம் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு வட்டை ஒருவர் 90 வெள்ளிக்குப் புதிதாக வாங்குகிறார். ஒரு மாதத்தில் விளையாடி முடித்து 65 வெள்ளிக்கு விற்கிறார். வாங்கியவர் தம் பங்குக்கு விளையாடிவிட்டு 45 வெள்ளிக்கு விற்கிறார். மூன்றாமவர் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். முதலாமவருக்கு ஆன செலவு 25 வெள்ளி, இரண்டாமவருக்கு 20 வெள்ளி, மூன்றாமவருக்கு 45 வெள்ளி. மூவரும் சேர்ந்து செலவழித்தது அதே 90 வெள்ளி.

இப்போது மின்னிலக்க வடிவத்தைத் தாராளமாகப் பத்து வெள்ளி குறைத்து 80 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். மூன்று பேர் விளையாட வேண்டுமென்றால் 240 வெள்ளி. யாரும் யாருக்கும் விற்க முடியாது. பத்து வெள்ளித் தள்ளுபடியைப் பார்த்து மகிழ்ந்த முதலாமவர், வட்டு வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட மூன்று மடங்குக்கும் மேல் கொடுத்திருக்கிறார்.

விளையாட்டுக் கருவி வாங்கும்போதே இந்தக் கணக்கைப் போட வேண்டும். பிளேஸ்டேஷன் 5 சிங்கப்பூரில் 2020 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோது வட்டு போடும் வசதியுள்ள கருவி 729 வெள்ளி, அந்த வசதி இல்லாதது 599 வெள்ளி. 130 வெள்ளி மிச்சம் என்பது கண்ணுக்குத் தெரிந்த ஆதாயம். ஆனால் மறுவிற்பனையில் ஒரு விளையாட்டுக்கு 25 வெள்ளி திரும்பி வரும் என்று குறைவாகக் கணக்கிட்டாலும், ஆறாவது விளையாட்டில் அந்த ஆதாயம் கரைந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு விளையாட்டிலும் இழப்புதான். 2024இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவிலோ வட்டு போடும் பாகமே இல்லை. வேண்டுமென்றால் தனியாக விலை கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

பழையதை வாங்குவதும் விற்பதும் நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில்தான் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தது. 2017 ஜூலை 10ஆம் தேதி அது மூடப்பட்டது. பிராஸ் பசா காம்ப்ளெக்சில் பழைய பாடநூல் வாங்கிப் படித்தவர்கள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். இன்று அந்தப் பழக்கம் கேரோசல் போன்ற தளங்களுக்கும், பழைய வட்டுகளை வாங்கி விற்கும் கடைகளுக்கும் இடம் மாறியிருக்கிறது. முதல் பிரதியின் விலை கைக்கு எட்டாதவருக்கு இரண்டாவது பிரதியும் மூன்றாவது பிரதியும்தான் வழி. வட்டு மறைந்தால் அந்த வழி அடைபடும். அண்ணன் விளையாடியதைத் தம்பிக்குத் தருவது, பக்கத்துப் புளோக் நண்பரிடம் ஒரு வாரம் இரவல் வாங்குவது எல்லாமே அதோடு போய்விடும்.

மறுவிற்பனையில் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு ஒரு காசும் போவதில்லையே என்று கேட்கலாம். நேரடியாகப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் பழையதை விற்று வந்த 65 வெள்ளியை இளையர்கள் பெரும்பாலும் வங்கியில் போட்டு வைப்பதில்லை. அடுத்த புதிய விளையாட்டுக்குத்தான் அதில் பெரும்பகுதி போகிறது.

பதிவிறக்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு

மின்னிலக்க விற்பனை வந்ததால்தான் நமக்குக் கிடைத்த நல்ல விளையாட்டுகளும் உண்டு. கனடாவின் டொரொண்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’ 2023 ஜூலை 31ஆம் தேதி வெளிவந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையை இட்லி, பிரியாணி என்று சமையல் வழியாகச் சொல்லும் விளையாட்டு அது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை வென்றது. ஒரு சிறிய குழு உருவாக்கிய தமிழ்க் கதைக்கு உலகம் முழுவதும் வட்டு அச்சிட்டு, பெட்டியில் போட்டு, கடை அலமாரிகளில் இடம் பிடித்துக் கொடுக்க எந்தப் பெரிய நிறுவனம் முன்வந்திருக்கும்? இணையக் கடை இருந்ததால்தான் வெளியீட்டு நாளிலேயே அது சிங்கப்பூர்த் தமிழ் இளையர்களின் திரைக்கும் வர முடிந்தது. அப்படிப்பட்ட சிறிய விளையாட்டின் விலையும் பெரிய நிறுவன விளையாட்டின் விலையில் ஒரு பகுதிதான்.

இணையக் கடைகள் இலவசமாக இயங்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டீம் நடத்தும் வால்வ் நிறுவனம் விற்பனைத் தொகையில் பொதுவாக 30 விழுக்காட்டைத் தன் பங்காக எடுத்துக்கொள்கிறது. விற்பனை 1 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டினால் அந்தப் பங்கு 25 விழுக்காடாகவும், 5 கோடியைத் தாண்டினால் 20 விழுக்காடாகவும் குறையும். வட்டுச் செலவு போன இடத்தில் கடையின் பங்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருந்தாலும் அதே ஸ்டீமில், வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். பெட்டியைப் பிரித்த பிறகு அப்படிப் பணத்தைத் திருப்பித் தரும் கடை அரிது.

ஓராண்டு காத்திருந்து பாதி விலைத் தள்ளுபடியில் வாங்குபவருக்கும், ஒரே விளையாட்டை ஆண்டுக்கணக்கில் விளையாடுபவருக்கும், வீவக வீட்டின் சிறிய அறையில் பெட்டிகளை அடுக்க இடம் இல்லாதவருக்கும் பதிவிறக்கமே சரியான தேர்வாக இருக்கலாம். வெளியான வாரத்தில் முழு விலை கொடுத்து வாங்குபவர்தான் இருமுறை யோசிக்க வேண்டும்.

வாங்கியதா, இரவலா?

விலையைவிட ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. பதிவிறக்கம் செய்த விளையாட்டு உண்மையில் யாருடையது?

‘வாங்கு’ என்று எழுதிய பொத்தானை அழுத்தினாலும் சட்டப்படி நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே, உங்களுக்குக் கிடைப்பது உரிமம்தான் என்ற அறிவிப்பை ஸ்டீம் தன் கடையில் போட்டுவிட்டது.

அந்த அனுமதி எவ்வளவு காலம் செல்லும் என்பதும் நம் கையில் இல்லை. நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளின் இணையக் கடைகளில் 2023 மார்ச் 27ஆம் தேதியோடு விற்பனை நின்றது. வட்டு வைத்திருப்பவரும் முழுப் பாதுகாப்பில் இல்லை. யுபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் விளையாட்டின் சேவையகங்கள் 2024 மார்ச் இறுதியில் நிறுத்தப்பட்டபோது, பதிவிறக்கம் செய்தவர், வட்டு வாங்கியவர் இருவருக்கும் அது பயனற்றுப்போனது. அதைத் தொடர்ந்து எழுந்த இயக்கத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஸ்விட்ச் 2 கருவிக்கு வரும் சில அட்டைகளிலும் விளையாட்டே இருப்பதில்லை. அந்த அட்டை ஒரு சாவி மட்டும். விளையாட்டை இணையத்திலிருந்துதான் இறக்கிக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பார்த்து ஏமாந்துவிடாமல் அதன் முகப்பில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

மின்னிலக்கப் பிரதியை மற்றவருக்கு மாற்றித் தருவது தொழில்நுட்பத்தால் ஆகாத காரியம் என்று முன்பு சொல்வார்கள். இனி அதைச் சொல்ல முடியாது. பதிவிறக்கம் செய்த விளையாட்டைக் குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு இரண்டு வாரம் இரவல் தரும் வசதியை நிண்டெண்டோ 2025இல் கொண்டுவந்தது. இரவல் தந்தவரால் அந்த இரண்டு வாரமும் அதை விளையாட முடியாது. கையில் இருக்கும் வட்டைத் தந்ததைப் போலவேதான். இரண்டு வாரத்துக்குத் தர முடிகிற ஒன்றை நிரந்தரமாகத் தர முடியாதா? முடியும். அப்படி அனுமதிக்க நிறுவனங்களுக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்?

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, இரண்டு வடிவங்களிலும் வரும் விளையாட்டில் மின்னிலக்க வடிவத்தின் விலை குறைவாக இருக்கட்டும். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் முடிந்தது இங்கே முடியாமல் போகாது. இரண்டாவது, மறுவிற்பனை செய்ய முடியாது, சேவை நின்றால் விளையாட்டும் நிற்கலாம் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எளிய சொற்களில் எழுதட்டும். மூன்றாவது, வாங்கிய பிரதியை ஒரு முறையாவது வேறொருவர் கணக்குக்கு மாற்ற அனுமதிக்கட்டும். அதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்கி உருவாக்கியவர்களுக்குப் பங்கு கொடுத்தால், மறுவிற்பனையில் தங்களுக்கு எதுவும் வருவதில்லை என்ற அவர்களின் நியாயமான குறையும் தீரும்.

இரண்டாவது கோரிக்கைக்குச் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் குரல் கொடுக்கலாம். பொட்டலத்தில் அடைத்த உணவில் என்ன இருக்கிறது என்று அச்சிட வேண்டும் என்பதை நாம் இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். 90 வெள்ளி கொடுத்து வாங்கும் மின்னிலக்கப் பொருளில் என்ன இல்லை என்று சொல்லச் சொல்வது மிகையான கோரிக்கை அல்ல.

நம் பங்குக்கு, பணம் கட்டுமுன் மூன்று எண்களை எழுதிப் பார்க்கலாம். இணையக் கடையின் விலை என்ன? கடையில் வட்டின் விலை என்ன? விளையாடி முடித்த பிறகு அந்த வட்டு இன்றைய நிலவரப்படி எவ்வளவுக்குப் போகும்? இரண்டாவது எண்ணிலிருந்து மூன்றாவதைக் கழித்து, வருவதை முதலாவதோடு ஒப்பிட்டால் எது மலிவு என்று தெரிந்துவிடும். சில விளையாட்டுகளுக்குப் பதிவிறக்கம்தான் மலிவு என்று வரலாம். அப்போது தயங்காமல் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளின் கணக்கில் வங்கி அட்டையை இணைத்து வைத்திருக்கும் பெற்றோரும் இந்தக் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பணத்தைப் பற்றிய நல்ல பாடமாக அது அமையும்.

கருவிகளிலிருந்து வட்டு போடும் பாகம் ஒவ்வொன்றாக மறைந்து வருகிறது. முற்றாக மறைந்த பிறகு கேட்டால், ஒப்பிட்டுக் காட்ட நம்மிடம் வேறு விலை இருக்காது. சிம் லிம் ஸ்குவேரில் இன்னும் வட்டு விற்கும்போதே, கேரோசலில் இன்னும் மூன்றாவது கைக்கு விளையாட்டு மாறும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும். முதல் பிரதியின் விலையைக் கட்ட முடியாத இளையருக்கும் விளையாட ஓர் இடம் வேண்டும்.